வட்டாரத்து மக்களை இணைக்க ஒரு செயலி: எங்கிருந்து தொடங்கலாம்?

ஏரிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். மேடவாக்கத்தில் குடியிருக்கிறேன். செயலி எழுதுவதுதான் பிழைப்பு. இப்போது நானும் பக்கத்துத் தெரு நண்பர் ஒருவரும் சேர்ந்து எங்கள் ஏரியாவுக்கென்றே ஒரு செயலி செய்யலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். நிரல் இன்னும் ஒரு வரி எழுதவில்லை. யோசனை தேறுமா என்று பார்த்துவிட்டு உட்காரலாம் என்றுதான் இங்கே போடுகிறேன்.

பிரச்சினை உங்களுக்கும் தெரிந்ததுதான். எங்கள் தெருவில் அடுக்ககம் நாலைந்து, தனி வீடு முப்பது இருக்கும். பாதிப் பேர் வாடகைக்கு இருப்பவர்கள். காலையில் கிளம்பினால் ராத்திரிதான் வீடு. ஃபேன் மாட்ட ஏணி வேண்டுமென்றால் ஆளுக்கொரு ஏணி வாங்குகிறோம். அது மொட்டை மாடியில் கிடந்து துருப்பிடிக்கிறது. மூன்று வீடு தள்ளி ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் இருக்கிறார். அது தெரியாமல் பிள்ளைகளை டியூஷனுக்கு வேளச்சேரி வரை வண்டியில் கொண்டுபோய் விடுகிறோம். தனியாக இருக்கும் பெரியவர்கள் எத்தனை வீட்டில் என்று யாருக்கும் கணக்கில்லை. வாட்ஸ்அப் குழு இருக்கிறது. ஆனால் "நாளை காலை 9 முதல் 2 வரை கரண்ட் இருக்காது" என்ற செய்தி அதில் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே எங்கேயோ போய்விடுகிறது.

மனதில் இருப்பவை: அரட்டை, பழைய பொருள் விற்க வாங்க, இரவல், பிளம்பர் எலக்ட்ரீஷியனுக்கு நட்சத்திர மதிப்பீடு, ரத்த தானம், தொலைந்தது கிடைத்தது, குப்பை மற்றும் சாலைப் புகார், நிகழ்ச்சிகள், எல்லாவற்றையும் காட்டும் வரைபடம். ஓடிபி, ஜிபிஎஸ் வைத்து ஆளை உறுதி செய்யலாம். பின்கோடு வாரியாகப் பிரித்துவிட்டால் சென்னை முழுக்க ஒரே நாளில் திறந்துவிடலாம்.

எதை முதலில் செய்வது? ஒரு இடத்தில் தொடங்குவதா, நகரம் முழுக்கவா? மக்களை எப்படி உள்ளே வரவைப்பது? மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.

கோவைநிரல்:

நல்ல எண்ணம் நண்பரே. ஆனால் உங்கள் பட்டியலில் ஒன்பது செயலிகள் இருக்கின்றன.

கூகுள் நிறுவனமே இதை நம் நாட்டில் செய்து பார்த்தது. நெய்பர்லி என்று பெயர். 2018 மே மாதம் மும்பையில் தொடங்கினார்கள், பிறகு வேறு நகரங்களுக்கும் கொண்டுபோனார்கள். பக்கத்தில் நல்ல டியூஷன் எது, இந்த நேரத்தில் திறந்திருக்கும் மருந்துக்கடை எது என்று அக்கம்பக்கத்தாரிடம் கேட்கலாம். வாயால் சொன்னாலே போதும், தட்டச்சு வேண்டாம். போன் நம்பர் யாருக்கும் தெரியாது. நேர்த்தியாகத்தான் செய்திருந்தார்கள். 2020 மே மாதம் மூடிவிட்டார்கள். அவர்களிடம் பணம் இல்லையா, ஆள் இல்லையா? நகரம் நகரமாகத் திறக்க முடிந்தது. ஆனால் ஒரு தெருவில் கேட்ட கேள்விக்கு அதே தெருவில் பதில் சொல்ல நாலு பேர் வேண்டுமே, அது பணத்தால் வருவதில்லை என்பது என் எண்ணம்.

இன்னொரு பக்கம் தென்கொரியாவின் டங்குன் மார்க்கெட்டைப் பாருங்கள். வெளிநாடுகளில் கேரட் என்ற பெயரில் நடக்கிறது. 2015-இல் பாங்கியோ என்ற ஒரே இடத்தில் ஆரம்பித்தார்கள். அங்கே மென்பொருள் கம்பெனிகள் வரிசையாக இருக்கின்றன. முதலில் அந்த ஊழியர்கள் மட்டும், கம்பெனி மின்னஞ்சல் காட்டினால்தான் உள்ளே வரலாம். பழைய பொருள் விற்பது ஒன்றுதான் வேலை. அந்தப் பகுதித் தாய்மார்கள் எங்களையும் சேருங்கள் என்று கேட்ட பிறகுதான் ஏரியாவாசிகள் எல்லோருக்கும் திறந்தார்கள். இன்று அந்த நாட்டில் அதைத் தெரியாதவர் குறைவு.

ஒரு இடம், ஒரு வேலை. மற்றதை மூடி வையுங்கள்.

சங்கச்செயலர்:

தம்பி, நான் பல காலமாகக் குடியிருப்போர் நலச் சங்கத்தில் செயலாளராக இருக்கிறேன். தொழில்நுட்பம் அவ்வளவாகத் தெரியாது, தெருவைத் தெரியும்.

பின்கோடு வைத்துப் பிரிக்க வேண்டாம். உங்கள் 600100-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். மேடவாக்கம், பெரும்பாக்கம், பள்ளிக்கரணை எல்லாம் அதற்குள் வருகின்றன. பள்ளிக்கரணை 2011-இலேயே சென்னை மாநகராட்சிக்குள் போய்விட்டது. மேடவாக்கம் செங்கல்பட்டு மாவட்டத்து ஊராட்சி. பள்ளிக்கரணையில் குப்பை எடுக்கவில்லை என்றால் மாநகராட்சிப் புகார் எண் 1913-க்கு அடிக்கலாம். மேடவாக்கத்துக்காரர் அடித்தால் "உங்கள் பகுதி எங்களுடையது இல்லை" என்பார்கள். ஒரே பின்கோடுதான், ஆனால் தண்ணீர் வேறு, குப்பை வண்டி வேறு, கவுன்சிலர் வேறு, ஊராட்சித் தலைவர் வேறு. அங்கே நடப்பது இங்கே யாருக்கு வேண்டும்?

அப்படியானால் எல்லை எது? என் அனுபவத்தில் ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் கரண்ட் வாங்குகிறவர்கள்தான் ஒரு வட்டாரம். அவர்களுக்கு ஒரே நேரத்தில் கரண்ட் போகிறது, ஒரே நேரத்தில் வருகிறது. ராத்திரி பதினோரு மணிக்கு டப் என்று சத்தம் கேட்டு விளக்கு அணைந்தால் எல்லோரும் பால்கனிக்கு வந்து "உங்களுக்கும் இல்லையா?" என்று கேட்பார்கள் பாருங்கள், அந்தக் கேள்வி எது வரை போகிறதோ அது வரைதான் அக்கம்பக்கம். எங்கள் சங்கத்தில் புதுக் குடித்தனக்காரர்கள் அறிமுகமானது அநேகமாக அப்படித்தான். ஒருவர் மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்குப் புகார் கொடுத்து எண் வாங்குவார், இன்னொருவர் லைன்மேனைப் பிடிப்பார், மூன்றாவது வீட்டில் டார்ச் லைட்டோடு வந்து நிற்பார்கள்.

எத்தனை வீடு வரும் என்கிறீர்களா? இடத்துக்கு இடம் மாறும். ஆனால் முகம் பார்த்தால் தெரிகிற அளவில்தான் இருக்கும். அந்த அளவு முக்கியம். ஏணி இரவல் கொடுக்கிறவனுக்கு வாங்குகிறவன் வீட்டு வாசல் தெரிய வேண்டும்.

வித்யா மடிப்பாக்கம்:

ஐயா சொன்ன டிரான்ஸ்ஃபார்மர் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒன்று. எங்கள் பகுதிக் குழுவில் குழந்தையின் பழைய தொட்டில் இலவசமாகத் தருகிறேன் என்று போட்டேன். தொட்டிலை ஒருவர் வந்து எடுத்துக்கொண்டு போனார், நல்ல குடும்பம், இன்றும் பழகுகிறோம். ஆனால் அந்த வாரம் முழுக்க முன்பின் தெரியாத நம்பர்களிலிருந்து ராத்திரியில் அழைப்பும் "ஹாய்" செய்தியும் வந்துகொண்டே இருந்தன. அட்மினிடம் சொன்னேன். "பிளாக் பண்ணிடுங்க மேடம்" என்றார். அதற்குப் பிறகு அந்தக் குழுவில் நான் எழுதுவதில்லை. என் மாதிரி எழுதாமல் படித்துவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர், அதில் பெரும்பாலோர் பெண்கள்.

வாட்ஸ்அப்பில் குழுவில் சேர்ந்தாலே நம்பர் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. அதைச் சரி செய்யாமல் வேறு எந்த வசதி வைத்தாலும் பாதி வட்டாரம் வாய் திறக்காது. பெயர் இருக்கட்டும், தெரு இருக்கட்டும். வீட்டு எண்ணும் போன் நம்பரும் வேண்டாம். இரண்டு பக்கமும் சம்மதித்த பிறகு நம்பர் மாறட்டும்.

ரமணன்:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். இதற்கெல்லாம் எதற்குத் தனிச் செயலி? 2022 நவம்பரில் வாட்ஸ்அப்பே கம்யூனிட்டி வசதி கொண்டுவந்துவிட்டது. ஒரு குழுவில் 1024 பேர் வரை சேர்க்கலாம். அறிவிப்புக்குத் தனிக் குழு, விற்க வாங்கத் தனிக் குழு, எல்லாவற்றையும் ஒரே குடைக்குள் வைக்கலாம். கம்யூனிட்டி அறிவிப்புக் குழுவில் அட்மின் மட்டும்தான் போட முடியும். ஏற்கெனவே எல்லோர் போனிலும் இருக்கிறது. என் அம்மாவுக்குப் புதுச் செயலி இறக்கச் சொல்லிக்கொடுப்பதற்குள் தீபாவளி வந்துவிடும். போனில் இடமும் இல்லை, எப்போது பார்த்தாலும் நினைவகம் நிரம்பிவிட்டது என்கிறது.

ஆளைச் சேர்ப்பதுதான் கஷ்டம் என்று நீங்களே சொல்கிறீர்கள். சேர்ந்த இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்துக்கு ஏன் இழுக்க வேண்டும்?

பர்லிங்டன்வாசி:

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பர்லிங்டன் நகரில் இருக்கிறேன், சொந்த ஊர் கும்பகோணம். நீங்கள் பேசுகிற விஷயம் இங்கே ரொம்ப நாளாக நடந்துகொண்டிருப்பதால் எழுதுகிறேன்.

ஃப்ரண்ட் போர்ச் ஃபோரம் என்று பெயர். மைக்கேல் வுட்-லூயிஸ், வேலரி வுட்-லூயிஸ் தம்பதி இந்த ஊரில் 2006-இல் தொடங்கினார்கள். அதற்கும் முன்னால், 2000-இல், தங்கள் குடியிருப்புப் பகுதிக்கு மட்டும் ஒரு மின்னஞ்சல் பட்டியல் நடத்தினார்கள். அதுதான் வளர்ந்து இப்போது மாநிலம் முழுக்க இருக்கிறது. ஆனாலும் நான் பார்ப்பது என் பகுதியை மட்டும்தான்.

அது நடக்கும் விதம் உங்களுக்கு உதவும். அரட்டை கிடையாது. எழுதுகிறோம், அனுப்புகிறோம். அவர்களுடைய ஊழியர் ஒருவர், மனிதர்தான், ஒவ்வொரு பதிவையும் வெளியிடும் முன் படிக்கிறார். பிறகு எல்லாப் பதிவும் சேர்ந்து நாளுக்கு ஒரு மடலாக வருகிறது. பதிவின் கீழே எழுதியவர் பெயரும் தெருவும் இருக்கும். யாராவது கோபமாக ஒன்று எழுதினால் அதற்குப் பதில் அடுத்த நாள் மடலில்தான் வர முடியும். அதற்குள் பாதிக் கோபம் போய்விடும். தனிமனிதரைத் தாக்கி எழுதினால் வெளிவராது.

என்னென்ன வரும்? பூனையைக் காணோம். ஆப்பிள் மரத்தில் பழம் கொட்டுகிறது, வந்து பறித்துக்கொள்ளுங்கள். தெருமுனையில் பனி வாரவில்லை. நகரசபைக் கூட்டத்தில் பள்ளி பட்ஜெட் வருகிறது, என் கருத்து இது. இவைதான். பார்க்க மிகச் சாதாரணம். ஆனால் 2011 ஆகஸ்டில் ஐரீன் புயல் வந்து ஊர் ஊராக வெள்ளம் அடித்துப் போனபோது, யார் வீட்டில் சேறு வார ஆள் வேண்டும், யாரிடம் பம்பு இருக்கிறது என்று இதில்தான் ஏற்பாடு செய்துகொண்டார்கள். பூனை தேடிய பழக்கம் அப்போது கைகொடுத்தது.

பார்க்க அழகாக எதுவும் இருக்காது. வெறும் எழுத்து. பணம் உள்ளூர்க் கடை விளம்பரத்திலிருந்தும், மக்கள் தரும் நன்கொடையிலிருந்தும் வருகிறது.

ரமணன் அவர்களே, செயலி இறக்க வேண்டுமா என்ற உங்கள் கேள்விக்கு இதில் ஒரு பதில் இருக்கிறது. இவர்கள் மக்களை எங்கேயும் இழுக்கவில்லை, அவர்கள் ஏற்கெனவே பார்க்கிற மின்னஞ்சலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

ஏரிக்கரை:

நாளுக்கு ஒரு மடல் என்பது நான் யோசித்தே பார்க்காத திசை. நாங்கள் எல்லாம் உடனுக்குடன், நோட்டிபிகேஷன், இன்னும் வேகம் என்றுதான் பழகியிருக்கிறோம். ஆனால் ஒரு சந்தேகம். எங்கள் பக்கம் மழை என்றால் பயம். வெள்ளம் வரும்போது நாளைக்கு மடல் வரும் என்று உட்கார முடியுமா?

முடிச்சூர்க்காரன்:

இதற்கு நான் பதில் சொல்கிறேன்.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி மழையில் தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. பதிவானது. அடையாறு பொங்கி எங்கள் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர். கரண்ட் போனது, அப்புறம் டவர் போனது. கையில் போன் இருந்தும் அது வெறும் டார்ச் லைட். எந்தச் செயலியும் அந்த நேரத்தில் வேலை செய்யாது, இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே இருந்தவர்கள் அருமையாக வேலை செய்தார்கள், மறக்க முடியாது. யார் வீட்டில் இடம் இருக்கிறது, எங்கே சாப்பாடு கிடைக்கும் என்று கூகுள் ஷீட் போட்டு எத்தனையோ பேர் தங்கள் வீட்டைத் திறந்து வைத்தார்கள். ஆனால் அதே நேரத்தில் "இந்த முகவரியில் கர்ப்பிணிப் பெண், படகு தேவை" என்ற செய்தி, அவரை மீட்ட பிறகும் ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்தது. வேறு யாருக்கோ போக வேண்டிய படகு அங்கே வந்து திரும்பியது. செய்தியில் தேதி இல்லை, முடிந்துவிட்டது என்று சொல்ல வழியில்லை.

ஆகவே ஏரிக்கரை நண்பரே, உங்கள் பதிவு ஒவ்வொன்றுக்கும் ஆயுள் இருக்கட்டும். இரவல் கேட்டால் மூன்று நாள். அவசரம் என்றால் ஆறு மணி நேரம். அதற்குள் போட்டவர் "இன்னும் தேவை" என்று தட்டாவிட்டால் தானே மறைய வேண்டும்.

எங்கள் தெருவில் அன்றைக்கு உதவியது எது தெரியுமா? மாடி வீட்டு அக்காவுக்கு எந்த வீட்டில் நடக்க முடியாத பெரியவர் இருக்கிறார் என்று தெரிந்திருந்தது. அவர் சொல்லித்தான் இளைஞர்கள் போய் நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். உங்கள் செயலி மழைக்கு முன்னால் அந்தத் தகவலை ஊருக்குள் உருவாக்கிவிட்டால் போதும். வருஷா வருஷம் செப்டம்பர் கடைசியில் தெருவுக்கு ஒரு தாள் அச்செடுத்துக் கொடுங்கள்: மாடி இருக்கும் வீடு, இன்வெர்ட்டர் இருக்கும் வீடு, நர்ஸ் இருக்கும் வீடு, தூக்கிக்கொண்டு வர வேண்டியவர் இருக்கும் வீடு. கடைசியில் சொன்னதைச் சம்மதம் கேட்டு, தெருவில் நம்பிக்கையான இரண்டு பேரிடம் மட்டும் கொடுங்கள், ஊருக்கெல்லாம் வேண்டாம்.

பைப் மாரி:

வணக்கம். என் மகள்தான் இந்தப் பேச்சைப் படித்துக் காட்டினாள், நான் சொல்வதை அவளே எழுதுகிறாள். சித்தாலப்பாக்கத்தில் இருக்கிறேன், பிளம்பர் வேலை. மேடவாக்கம் பக்கமெல்லாம் நான் போகாத தெரு இல்லை.

முதல் பதிவில் பிளம்பருக்கு நட்சத்திரம் என்று இருக்கிறது. நட்சத்திரம் வேண்டாம் சார். ஒரு பெரிய கம்பெனி செயலியில் கொஞ்ச காலம் இருந்தேன். ஒரு வீட்டில் சம்ப்பிலிருந்து ஏற்றுகிற பைப் சுவருக்குள் வெடித்திருந்தது. டைல்ஸ் உடைத்தால்தான் பார்க்க முடியும் என்று சொன்னேன். அவர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு நட்சத்திரம் போட்டார்கள். அதோடு எனக்கு அழைப்பு வருவது பாதியானது. நான் சொன்னது சரிதான், பிறகு வேறு ஆள் வந்து டைல்ஸைத்தான் உடைத்தார். அந்த ஒரு நட்சத்திரத்தை அழிக்க என்னால் முடியவில்லை, யாரிடம் பேசுவது என்றே தெரியவில்லை. கமிஷனும் பிடித்துக்கொள்வார்கள்.

தெருவில் எப்படி வேலை கிடைக்கிறது? "நாற்பத்தி ரெண்டாம் நம்பர் வீட்டில் மாரிதான் பார்த்தாரு, கேட்டுப் பாருங்க" என்பார்கள். அவர் போய்க் கேட்பார். அவர்கள் நல்லதும் சொல்வார்கள், "லேட்டாதான் வருவாரு" என்றும் சொல்வார்கள். அது நியாயம். அதே மாதிரி வையுங்கள். யார் யார் வீட்டில் வேலை செய்திருக்கிறேன் என்று மட்டும் தெரியட்டும், அந்த வீட்டுக்காரர் சம்மதத்தோடு.

இன்னொன்று. இந்தப் பேச்சு முழுக்க நாங்கள் கூப்பிடப்படுகிறவர்களாகவே வருகிறோம். நானும் இந்த வட்டாரத்தில்தான் குடியிருக்கிறேன். எனக்கும் ஏணி இருக்கிறது, டிரில் மெஷின் இருக்கிறது, இரவல் கொடுப்பேன். என் மகள் பன்னிரண்டாவது படிக்கிறாள், அவளுக்கும் அந்தக் கணக்கு வாத்தியார் வேண்டும். அடுக்ககத்தில் இருப்பவர்கள் ஒரு பக்கம், வேலைக்கு வருகிறவர்கள் ஒரு பக்கம் என்று இரண்டு வாசல் வைத்துவிடாதீர்கள்.

வித்யா மடிப்பாக்கம்:

மாரி அண்ணன் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். செயலியில் "குடியிருப்பவர்", "சேவை தருபவர்" என்று இரண்டு வகைக் கணக்கு வைப்பதுதான் எல்லோரும் செய்வது. தயவுசெய்து ஒரே வகை வையுங்கள். வீட்டு வேலை செய்யும் அக்காவும் இஸ்திரி வண்டிக்காரரும் அந்தத் தெரு மனிதர்கள்தான். பல தெருக்களில் வாடகைக்கு வந்துபோகும் எங்களைவிட நீண்ட காலமாக இருப்பவர்கள் அவர்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு பயமும் எனக்கு இருக்கிறது. "சந்தேகப்படும்படி ஒருவர் தெருவில் நடமாடுகிறார்" என்று போட்டோவோடு வரும் பதிவுகள். எங்கள் குழுவில் வந்த அப்படிப்பட்ட படங்களில் நான் பார்த்தவரை எல்லோரும் வடமாநிலத் தொழிலாளர்கள், அல்லது பழைய பேப்பர் எடுக்கிறவர்கள். 2018 மே மாதம் போளூர் பக்கம் கோயிலுக்குப் போன குடும்பத்தைக் குழந்தை கடத்துகிறவர்கள் என்று நினைத்து ஊரே சேர்ந்து அடித்ததில் ஒரு வயதான அம்மா இறந்துபோனார். வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திதான் காரணம். அதே ஆண்டு ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து பேருக்கு மேல் ஒரே தடவையில் ஃபார்வேர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. செத்தவர் செத்ததுதான்.

அமெரிக்காவின் அக்கம்பக்கச் செயலியான நெக்ஸ்ட்டோருக்கும் இதே சிக்கல் வந்தது. கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் கறுப்பினத்தவர் தெருவில் நடந்தாலே "சந்தேக நபர்" என்று பதிவு போட்டார்கள். மக்கள் போராடிய பிறகு 2016-இல் படிவத்தையே மாற்றினார்கள். இனத்தைக் குறிப்பிட்டால் உடை, முடி, காலணி என்று வேறு அடையாளங்களையும் சொன்னால்தான் பதிவு போகும். என்ன செய்தார் என்றும் எழுத வேண்டும். நடந்து போனார் என்பதெல்லாம் குற்றமில்லையே.

நம்மூரில் இதோடு சாதியும் சேரும். வீடு வாடகைக்கு என்ற பகுதி வைத்தால் முதல் நாளே "சைவம் மட்டும்" என்று வரும், அதன் பொருள் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பதிவை என்ன செய்வீர்கள் என்று இப்போதே முடிவு செய்யுங்கள். படிக்கும் ஆள் ஒருவர் இல்லாமல் இது நடக்காது.

ரமணன்:

வித்யா சொன்னதற்குப் பிறகு என் பேச்சில் ஒரு பாதியைத் திரும்பப் பெறுகிறேன். வாட்ஸ்அப் குழுவில் வெளியிடும் முன் படிக்கிற வசதி கிடையாது, போட்ட பிறகு அட்மின் அழிக்கலாம், அதற்குள் நூறு பேர் பார்த்துவிடுவார்கள். புதுச் செயலியை இறக்கச் சொல்லாதீர்கள் என்பதில் மட்டும் மாற்றமில்லை.

செல்வி வழக்குரைஞர்:

சட்டப் பக்கம் இரண்டு விஷயம், சுருக்கமாக.

பிறர் எழுதுவதை வெளியிடும் தளம் நடத்தினால் 2021-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் உங்களுக்கும் பொருந்தும். குறைதீர் அலுவலர் ஒருவரின் பெயரும் தொடர்பும் தளத்தில் இருக்க வேண்டும். புகார் வந்தால் 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், விதிகள் சொல்லும் கெடுவுக்குள் முடிக்க வேண்டும். சில வகைப் புகார்களுக்குக் கெடு இதைவிடக் குறைவு. சின்னச் செயலிதானே என்று விட்டுவிட முடியாது.

அடுத்தது 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். என்ன தகவல், எதற்காக என்று புரியும்படி சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம். தகவலைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் போட அதில் இடமிருக்கிறது. ஆதார் எண், வீட்டுப் பத்திரம், வாடகை ஒப்பந்தம் என்று ஆள் உறுதிப்பாட்டுக்கு எதையும் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். உங்களிடம் இல்லாத தகவலை யாரும் திருட முடியாது. முடிச்சூர்க்காரர் சொன்ன பெரியவர்கள் பட்டியல் தாளிலேயே இருக்கட்டும், கணினிக்குள் ஏற்ற வேண்டாம்.

கோவைநிரல்:

அப்படியானால் ஆளை எப்படி உறுதி செய்வது என்ற கேள்வி வருகிறது. ஓடிபி அனுப்புவதென்றால் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி, குறுஞ்செய்தி அனுப்புகிறவர்களுக்கான டிஎல்டி பதிவு வேண்டும், அதற்கு நிறுவனம், அதற்கு ஆவணங்கள். ஜிபிஎஸ்ஸை ஏமாற்றுவது பள்ளிப் பையனுக்கும் தெரியும். நெக்ஸ்ட்டோர் தபால் அட்டையில் குறியீடு அனுப்பிச் சரிபார்த்தது. உங்கள் அளவுக்கு அது கூட வேண்டாம். ஏற்கெனவே உள்ளே இருக்கும் இரண்டு பேர் "இவரைத் தெரியும், இந்தத் தெருதான்" என்று சொன்னால் போதும். புதிதாகக் குடிவந்தவர் யாரிடமாவது போய் அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கும். நமக்கு வேண்டியதும் அதுதானே?

செயலிக் கடைக்குப் போவதையும் தள்ளிப் போடுங்கள். 2023 நவம்பருக்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கு என்றால் 12 பேரை வைத்துத் தொடர்ந்து 14 நாள் சோதனை நடத்திய பிறகுதான் ப்ளே ஸ்டோரில் எல்லோருக்கும் வெளியிட முடியும். ஆப்பிளில் ஆண்டுக்கு 99 டாலர். உலாவியில் திறக்கும் ஒரு பக்கம் போடுங்கள், ரமணனின் அம்மா போனிலும் திறக்கும். எழுத ஒரு பெட்டி, பக்கத்தில் மைக். தமிழில் பேசினால் எழுத்தாகிற வசதி இப்போது சாதாரண ஆண்ட்ராய்டு விசைப்பலகையிலேயே இருக்கிறது.

சங்கச்செயலர்:

இரண்டு பேர் சாட்சி சொல்வது சரி, ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது. யாரையும் தெரியாதவன்தானே தனியாக இருக்கிறான்? வாடகைக்கு வந்த பேச்சிலர் பையன்களுக்கும், வேறு மொழி பேசுகிறவர்களுக்கும் யார் சாட்சி சொல்வார்கள்? சில தெருக்களில் வேண்டுமென்றே சொல்ல மாட்டார்கள். அதனால் இன்னொரு வழியும் திறந்திருக்கட்டும். மளிகைக் கடையில் ஒரு தாள் ஒட்டுங்கள், வாராவாரம் மாறுகிற நாலு இலக்கக் குறியீடு அதில் இருக்கட்டும். கடைக்கு வருகிறவன் ஏரியாக்காரன்தான்.

அப்புறம், படிக்கும் ஆள் யார் என்று முடிவாகவில்லையே. அட்மின் வேலை எனக்குத் தெரியும். நன்றியில்லாத வேலை. ஒருவரே செய்தால் ஆறு மாதத்தில் ஓடிவிடுவார், அல்லது ராஜாவாகிவிடுவார். இரண்டுமே ஆபத்து. ஐந்து பேர் வாரத்துக்கு ஒருவராக மாறிக்கொள்ளுங்கள், அதில் பாதிக்கு மேல் பெண்கள் இருக்கட்டும். கட்சிப் பொறுப்பில் இருப்பவர், வீட்டுமனை புரோக்கர் இருவரும் அந்தப் பொறுப்பில் வேண்டாம். இது யார் மேலும் குற்றமாகச் சொல்லவில்லை, தேர்தல் நேரத்தில் பட்ட பாடு.

ஏரிக்கரை:

நண்பரிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். ராத்திரி வெகுநேரம் பேசினோம். இப்போது எங்கள் திட்டம் இது.

சென்னையும் இல்லை, 600100-உம் இல்லை. எங்கள் டிரான்ஸ்ஃபார்மர், பக்கத்து டிரான்ஸ்ஃபார்மர், அவ்வளவுதான். சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு மடல். பகலில் யார் வேண்டுமானாலும் எங்கள் இணையப் பக்கத்தில் எழுதலாம், பேசலாம். ஆறரைக்குள் அந்த வாரத்துப் பொறுப்பாளர் படித்துவிடுவார். மடல் மின்னஞ்சலிலும், வாட்ஸ்அப் அறிவிப்பாகவும் போகும், இருக்கும் குழுவைக் கலைக்கப் போவதில்லை. பெயர், தெரு மட்டும். பதிலைப் பதிவு எழுதியவருக்கே தனியாக அனுப்பலாம், இரண்டு பக்கமும் சம்மதித்தால் நம்பர் மாறும். பதிவுகளுக்கு ஆயுள் உண்டு. நட்சத்திரம் கிடையாது. ஒரே வகைக் கணக்கு. வாடகை வீட்டுப் பகுதியை இப்போதைக்குத் திறக்கவில்லை. வித்யா கேட்ட கேள்விக்கு எங்கள் தெருவில் ஒருமித்த பதில் கிடைக்கும் வரை திறக்க மாட்டோம்.

முதல் வேலை இரவல். ஏணி, டிரில், கல்யாணப் பாத்திரம், சக்கர நாற்காலி, ஊன்றுகோல், பிள்ளைகளின் போன வருஷப் பாடப்புத்தகம். ஒரு பொருளை வாங்கப் போனால் வாசல் வரை போயாக வேண்டும், அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தோம்.

நிரலைப் பொறுத்தவரை, முதல் மாதம் மடலைக் கையாலேயே தொகுக்கப் போகிறோம். எது வருகிறது என்று பார்த்துவிட்டு அதற்குத் தக்கபடி எழுதலாம்.

மாரி அண்ணன், உங்களிடம் ஒரு கேள்வி. ஐந்து பொறுப்பாளர்களில் நீங்கள் ஒருவராக இருப்பீர்களா? சித்தாலப்பாக்கம் எங்கள் டிரான்ஸ்ஃபார்மரில் வராதுதான். ஆனால் எங்கள் தெருவில் எந்த வீட்டுக் கதவைத் தட்டலாம் என்று எங்களைவிட உங்களுக்குத் தெரியும்.

பைப் மாரி:

வாரம் முழுக்க ஆறு மணிக்கு உட்கார முடியாது தம்பி, அது மோட்டார் போடுகிற நேரம், எல்லா வீட்டிலிருந்தும் கூப்பிடுவார்கள். மகளும் நானும் சேர்ந்து செய்கிறோம். அவள் படித்துக் காட்டுவாள், நான் சொல்கிறேன். பரீட்சை மாதம் மட்டும் விட்டுவிடுங்கள்.

சங்கச்செயலர்:

நல்லது. ஏரிக்கரை தம்பி, மளிகைக் கடையில் ஒட்டும் தாளைத் தமிழில் போடுங்கள், கீழே இந்தியிலும் நாலு வரி சேருங்கள். எங்கள் சங்கத்தில் அச்சடிக்கும் மெஷின் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் வந்தால் அடித்துக்கொள்ளலாம். பேப்பர் மட்டும் கொண்டுவாருங்கள்.